பறந்தது போதும்

2016 ஏப்ரல் 26. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் எவரெட் என்று ஒரு ஊர். அங்கே பெயின் ஃபீல்டு விமான நிலையத்தை ஒட்டித்தான் போயிங்கின் பெரிய ஃபேக்டரி இருக்கு. 747, 777 எல்லாம் பிறந்த இடம். அன்னைக்கு அந்த ரன்வேயில் இருந்து கிளம்பியதும் ஒரு போயிங்தான், ஆனால் 1933 மாடல். ரெண்டு ப்ரொப்பெல்லர், பயணிகளுக்குப் பத்தே பத்து சீட். பேர் போயிங் 247. கால் மணி நேரம் பறந்து சியாட்டிலின் போயிங் ஃபீல்டில் இறங்கியது. அங்கே இருக்கும் மியூசியம் ஆஃப் ஃப்ளைட் அதை உள்ளே கொண்டுபோய் நிறுத்திவிட்டது. இதுதான் கடைசி என்று முன்னாடியே அறிவித்துவிட்டுத்தான் கிளப்பினார்கள்.

உலகத்திலேயே மிச்சம் இருப்பது நாலு 247. அதில் பறக்கிற நிலையில் இருந்தது இது ஒண்ணுதான். பல வருஷம் தன்னார்வலர்கள் உட்கார்ந்து பழுது பார்த்து உயிர் கொடுத்த மெஷின். இறங்கும்போது எந்தக் கோளாறும் இல்லை. அப்புறம் ஏன் நிறுத்தணும்? பழைய விமானப் பிரியர்கள் பலருக்கு இதில் வருத்தம். பறக்காத விமானம் வெறும் தகரம்தானே என்பது அவங்க கட்சி.

என் கட்சி வேற. நிறுத்தியதுதான் சரி. இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்றேன்: இந்த மாதிரி பழைய உலோக விமானங்களில் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றுவது தப்பு. ஏன் என்பதற்கு முதலில் இந்த மெஷின் எதற்காகப் பிறந்தது என்று பார்க்கணும்.

1931 மார்ச் 31. கன்சாஸ் மாநிலத்து வயல்வெளியில் டிடபிள்யூஏ கம்பெனியின் ஃபோக்கர் எஃப்-10 விமானம் நடுவானில் இறக்கை உடைந்து விழுந்தது. உள்ளே இருந்த எட்டுப் பேரும் போய்விட்டார்கள். அதில் ஒருவர் நூட் ராக்னி. நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் கால்பந்துக் கோச். அவங்க ஊர் கால்பந்து, கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது. அமெரிக்காவே தலையில் வைத்துக் கொண்டாடிய ஆள் என்பதால் நாடு முழுக்க ஒரே கேள்வி: இறக்கை எப்படி உடையும்?

ஃபோக்கரின் இறக்கை மரம். பிளைவுட் தகடுகளைப் பசை போட்டு ஒட்டியது. உள்ளே ஈரம் இறங்கி, பசை விட்டுக்கொண்டு வந்திருக்கு. வெளியே இருந்து பார்த்தால் ஒண்ணும் தெரியாது. பரிசோதிக்கணும் என்றால் மேல் பலகையைப் பிரித்துத்தான் பார்க்கணும். அரசாங்கம் அதைத்தான் செய்யச் சொன்னது. அதற்கு ஆகும் செலவைப் பார்த்து விமானக் கம்பெனிகளுக்கு மரத்தின் மேல் இருந்த ஆசையே போய்விட்டது. பயணிகளுக்கு ஏற்கெனவே போயிருந்தது.

இந்த ஒரு வரியை மட்டும் மனசில் வச்சுக்கோங்க: மரம் கைவிட்டது பலவீனமாக இருந்ததால் இல்லை, அதன் பலவீனம் வெளியே தெரியாததால். கடைசியில் இதற்குத் திரும்பி வருவோம்.

உலோக விமானம் அப்போது புதுசு ஒண்ணும் இல்லை. ஜெர்மனியில் ஆல்ஃப்ரெட் வில்ம் என்பவர் அலுமினியத்தில் கொஞ்சம் செம்பு சேர்த்து, சூடாக்கி, சட்டென்று குளிரவைத்துப் பார்த்தார். அந்தக் கலவை சில நாள் சும்மா கிடந்ததும் தானாகவே கெட்டியானது. மெட்டலர்ஜி பேப்பரில் ஏஜ் ஹார்டனிங் என்று ரெண்டு மார்க்குக்கு எழுதுவோமே, அதுதான். அந்தக் கலவைதான் டுராலுமின். அதை வைத்து ஹ்யூகோ ஜங்கர்ஸின் கம்பெனி 1919 ஜூன் 25-இல் எஃப்-13 என்ற விமானத்தைப் பறக்கவிட்டது. முழுக்க உலோகத்தில் வந்த முதல் பயணிகள் விமானம். நாலு பயணிகளுக்கு மூடிய கேபின், கதவு, ஜன்னல். விமானிகள் மட்டும் காற்றில். உடம்பு முழுக்க நெளிநெளியாக, நம்ம ஊர் கூரைத் தகடு மாதிரி இருக்கும். மெல்லிய தகடு மடங்காமல் நிற்க அந்த நெளிவு உதவியது. ஆனால் காற்றுத்தடை எக்கச்சக்கம். அமெரிக்காவின் ஃபோர்டு ட்ரைமோட்டாரும் அதே நெளிவுத் தகடுதான். ‘தகர வாத்து’ என்று அதற்குப் பட்டப்பெயர்.

247 வந்தபோது அந்த நெளிவு காணாமல் போனது. வழவழவென்று ஆனோடைஸ் செய்த அலுமினியத் தோல். அந்தத் தோல் சும்மா போர்த்தியது இல்லை. உள்ளே இருக்கும் சட்டங்களோடு சேர்ந்து அதுவும் பாரத்தைத் தாங்கும். இன்னைக்கு நீங்க ஏறுகிற விமானத்தின் உடம்பும் அடிப்படையில் இந்த ஐடியாதான். 1933 பிப்ரவரி 8-இல் முதல் முறையாகப் பறந்தது. மடங்கும் சக்கரம், ஆட்டோபைலட், இறக்கை விளிம்பில் பனியை உடைக்கும் ரப்பர் பூட், கேபினில் சூட்டைச் சீராக வைக்கும் ஏற்பாடு, ஒரு என்ஜின் நின்றாலும் இன்னொன்றில் பறக்கும் திறமை. எல்லாமே ஒரே பேக்கேஜில். அன்றைய அமெரிக்க ராணுவத்தின் பி-12 ஃபைட்டரை விட இந்தப் பயணிகள் விமானம் வேகம் என்றால் பாத்துக்கோங்க. 27 மணி நேரம் ஆகிக்கொண்டிருந்த அமெரிக்கக் கடற்கரை டு கடற்கரைப் பயணம் சுமார் 20 மணி நேரத்துக்கு வந்தது.

இவ்வளவு இருந்தும் 247 தோத்துப்போச்சு. மொத்தம் செய்தது 75 மட்டும்.

ஏன் தோத்தது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம், ஆனால் சொல்லாமல் விட மனசு வரவில்லை. டிசைன் மேசையிலேயே சண்டை. என்ஜின் செய்த பிராட் அண்ட் விட்னி தரப்பு பெரிய என்ஜின், பெரிய விமானம் என்றது. ஓட்டப்போகிற விமானிகள் தரப்பு, எட்டு டன் வண்டியை எங்க ஏர்போர்ட்டில் எப்படி இறக்குவது என்று பயந்தது. கடைசியில் சின்ன வாஸ்ப் என்ஜினும் பத்து சீட்டும் முடிவானது. அன்னைக்கு இருந்த ஏர்போர்ட்டுக்கும் அன்னைக்கு இருந்த பழக்கத்துக்கும் டிசைன் பண்ணிட்டாங்க. அப்புறம் அந்த ஸ்பார். இறக்கையைத் தாங்கும் முதுகெலும்புச் சட்டம், கேபினுக்கு நடுவில் குறுக்கே போகும். பயணிகள் அதைத் தாண்டித்தான் சீட்டுக்குப் போகணும். கோட்டு சூட்டு போட்ட கனவான்களும் நீளப் பாவாடை அணிந்த பெண்மணிகளும் நடுவழியில் காலைத் தூக்கி வாசப்படி தாண்டுவதைக் கற்பனை பண்ணிப் பாருங்க.

அடுத்தது வியாபாரம். போயிங்கும் யுனைடெட் ஏர்லைன்ஸும் அப்போது ஒரே குடும்பக் கம்பெனி. யுனைடெட்டுக்கு 60 விமானம் செய்து முடித்த பிறகுதான் மற்றவங்களுக்கு என்று சொல்லிவிட்டார்கள். ராக்னி விபத்தில் பேர் கெட்டுப்போயிருந்த டிடபிள்யூஏ-வுக்கு உலோக விமானம் அவசரத் தேவை. அவங்க என்ன செய்வாங்க? கம்பெனியின் ஜாக் ஃப்ரை 1932 ஆகஸ்டில் வேறு விமானத் தயாரிப்பாளர்களுக்குக் கடிதம் போட்டார். டக்ளஸ் கம்பெனி அதைப் பிடித்துக்கொண்டது. டிசி-1, பிறகு 14 சீட்டு டிசி-2, பிறகு 1935 டிசம்பரில் 21 சீட்டு டிசி-3. அந்த வரிசையில் ஸ்பார் தரைக்குக் கீழே போனது, கேபினில் நிமிர்ந்து நடக்கலாம். 1934-இல் லண்டனில் இருந்து மெல்போர்னுக்கு நடந்த ரேஸில் ரெண்டு விமானமும் நேருக்கு நேர் மோதின. நம்ம அலகாபாத் அதில் கட்டாய நிறுத்தம். ரெண்டும் அங்கே இறங்கிவிட்டுத்தான் போனது. முதலில் வந்தது ஒரு பிரிட்டிஷ் ரேஸ் விமானம். ரெண்டாவது டச்சு கேஎல்எம் கம்பெனியின் டிசி-2. 247 மூணாவது.

டிசி-3-யின் ராணுவப் பதிப்புக்கு பிரிட்டிஷ்காரர்கள் வைத்த பேர் டகோட்டா. நம்ம ஊரில் ஓட்டை உடைசல் பஸ்ஸை ‘டகோட்டா வண்டி’ என்று சொல்வோமே, அதே பேர். ஜெயித்தவன் பேர் நம்ம பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துவிட்டது. தோத்தவன் பேர் ஏரோநாட்டிக்கல் பசங்களுக்கே தெரியாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். சியாட்டில் 247 பயணிகளை ஏற்றியது, போர்க் காலத்தில் கனடா விமானப்படையில் இருந்தது, பிறகு பயிருக்கு மருந்து தெளித்தது. 1966-இல் கலிஃபோர்னியாவில் கைவிடப்பட்டுக் கிடந்ததைத்தான் மியூசியத்தின் முன்னோடி அமைப்பு கண்டெடுத்தது. ஒரு விமானத்தின் வாழ்க்கையில் இதைவிடக் கடுமையான உழைப்பு இருக்க முடியாது. தாழப் பறந்து, சட்டென்று ஏறி, திரும்பத் திரும்ப இறக்கையை வளைத்து எடுக்கும் வேலை அது. கூடவே ரசாயனம்.

இங்கேதான் நாம் படித்த படிப்பு உதவிக்கு வருது. எஸ்-என் கர்வ் ஞாபகம் இருக்கா? ஒரு பக்கம் ஸ்ட்ரெஸ், இன்னொரு பக்கம் எத்தனை தடவை ஏற்றி இறக்கினோம் என்ற எண்ணிக்கை. மைல்டு ஸ்டீலுக்கு அந்தக் கோடு ஒரு இடத்தில் சமமாகப் படுத்துவிடும். அதற்குக் கீழே எவ்வளவு தடவை ஆட்டினாலும் உடையாது என்று எடுத்துக்கொள்ளலாம். எண்டூரன்ஸ் லிமிட். எக்ஸாமில் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு அலுமினியக் கோடும் வரைவோம். அது படுக்கவே படுக்காது. இறங்கிக்கொண்டே போகும். நம்மில் பாதிப் பேர் அதை மார்க்குக்காக மட்டும் வரைந்துவிட்டு மறந்துவிடுகிறோம். அதன் அர்த்தம் என்ன தெரியுமா? அலுமினியத்துக்கு மறதி கிடையாது. 1933-இல் ஒரு காற்றுக் குலுக்கலில் வாங்கிய அடியும், வயல் மேல் மருந்து தெளித்தபோது வாங்கிய அடியும் அந்த ஸ்பாருக்குள் எழுதப்பட்டுத்தான் இருக்கு. படிக்கத்தான் நமக்கு வழி குறைவு.

இன்றைய விமானத்துக்கு இந்தக் கணக்கு டிசைன் மேசையிலேயே தொடங்கிவிடும். எத்தனை தடவை ஏறி இறங்கியது, எந்தப் பாகத்தை எப்போது திறந்து பார்க்கணும், விரிசல் எவ்வளவு வளர்ந்தால் எவ்வளவு தாங்கும் என்று எல்லாவற்றுக்கும் சோதனை இருக்கு, எண் இருக்கு. 247 காலத்தில் அந்த அறிவியலே முழுசாக வளரவில்லை. டிசைன் பண்ணியவங்க அது எண்பது வருஷம் பறக்கும் என்று நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டாங்க. அரிப்பு வேற. ரெண்டு தகடு ஒன்றன் மேல் ஒன்று படிந்து ரிவெட் அடித்த இடத்துக்கு நடுவில் ஈரம் புகுந்தால் வெளியே பெயின்ட் பளபளப்பாகத்தான் இருக்கும். உள்ளே உலோகம் பொடியாகிக்கொண்டிருக்கும். அல்ட்ராசோனிக், எடி கரன்ட், எக்ஸ்-ரே என்று சோதனைகள் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனால் அவை எங்கே பார்க்கணும் என்று தெரிந்தால் பதில் சொல்லும் கருவிகள். எங்கே பார்க்கணும் என்ற பட்டியல் புது விமானத்துக்குத் தயாரிப்பாளரிடம் இருக்கு. இதற்கு யாரிடம் கேட்பது?

ஆக, ராக்னி ஏறிய ஃபோக்கரின் மர இறக்கைக்கும் வயசான இந்த அலுமினிய இறக்கைக்கும் வித்தியாசம் குறைந்துகொண்டே வருது. ரெண்டிலும் நோய் உள்ளே.

பயமுறுத்தறேன் என்று தோணும். 2018 ஆகஸ்ட் 4-ஐப் பாருங்க. சுவிட்சர்லாந்தில் ஜூ-ஏர் என்று ஒரு அமைப்பு, ஜங்கர்ஸ் ஜூ-52 விமானங்களில் பல வருஷமாகச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் பறந்துகொண்டிருந்தது. மூணு என்ஜின், அதே நெளிவுத் தகடு, 1939-இல் சுவிஸ் விமானப்படைக்காகச் செய்தது. அன்று லோகார்னோவில் இருந்து திரும்பும் வழியில், ஆல்ப்ஸ் மலையில் பிட்ஸ் சேக்னஸ் அருகே விழுந்தது. 20 பேரும் இறந்தார்கள்.

இங்கே நேர்மையாக ஒண்ணு சொல்லணும். அந்த விபத்துக்குக் காரணம் உலோகம் உடைந்தது இல்லை. விமானிகள் பள்ளத்தாக்குக்குள் தாழ்வாக, ஆபத்தான பாதையில், தப்பிக்க இடம் இல்லாமல் பறந்தார்கள் என்பதுதான் விசாரணை அதிகாரிகளின் முடிவு. விமானத்தின் எடை மையமும் பின்பக்கம் வரம்பைத் தாண்டி இருந்தது. ஆனால் நொறுங்கிய பாகங்களை எடுத்துப் பார்த்தபோது இன்னொண்ணும் தெரிந்தது: பல இடங்களில் அரிப்பு. விபத்துக்குச் சம்பந்தம் இல்லாத அரிப்புதான். ஆனால் அந்த விபத்து நடந்திருக்காவிட்டால் அந்த அரிப்பு எப்போது, யார் கண்ணில் பட்டிருக்கும்? அடுத்த ஆண்டே அந்த விமானங்களில் கட்டணப் பயணிகளை ஏற்ற சுவிஸ் அதிகாரிகள் தடை போட்டுவிட்டார்கள். 2019 அக்டோபரில் அமெரிக்காவில் கனெடிகட் மாநிலத்திலும் இதே கதை. ரெண்டாம் உலகப்போர் காலத்து பி-17 குண்டுவீச்சு விமானத்தில் காசு கொடுத்து ஏறியவர்கள் ஐந்து பேரும் விமானிகள் ரெண்டு பேருமாக ஏழு பேர் இறந்தார்கள்.

எனக்கு இதில் உறுத்துவது விதிகள்தான். வழக்கமான விமானக் கம்பெனி ஒண்ணு, ஃபெட்டீக் கணக்கு இல்லாத எண்பது வயசு மெஷினில் ஆள் ஏற்றுகிறேன் என்று வந்தால் எந்த அதிகாரியும் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார். அதே மெஷினுக்குப் ‘பாரம்பரியம்’ என்று ஒரு போர்டு மாட்டினால் சட்டம் கொஞ்சம் வழிவிட்டுத் தருது. டிக்கெட் வாங்கும் தாத்தா பாட்டிக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? ஜன்னல் ஓரம், நல்ல வெயில், கீழே மலை என்று சந்தோஷமாக ஏறுவாங்க. டெஸ்ட் பைலட் ரிஸ்க் எடுப்பது வேற. என்ன ரிஸ்க் என்று அவருக்குத் தெரியும், சம்பளமும் உண்டு. சியாட்டில்காரர்கள் அந்தக் கோட்டைச் சரியாகப் போட்டார்கள். பறக்கும் தரத்துக்குச் சரிபண்ணு, தெரிந்தவர்கள் மட்டும் ஏறி ஓட்டு, முழுசாக இருக்கும்போதே இறக்கிவிடு.

எதிர்க்கட்சியின் வாதத்தில் நான் மதிக்கிற ஒண்ணு உண்டு. மெஷின் நின்றால் அதைத் தெரிந்த கைகளும் நின்றுவிடும் என்கிறார்கள். ரேடியல் என்ஜினின் சத்தத்தை வைத்தே எந்த சிலிண்டர் மக்கர் பண்ணுது என்று சொல்லும் மெக்கானிக்கை மியூசியம் கண்ணாடிக்குள் வைக்க முடியாது. ரிவெட் அடிக்கும் பக்குவம் வீடியோ பார்த்து வராது. உண்மை. அதற்கு வழியும் இருக்கு. ஜெர்மனியின் ரிமோவா, அதாங்க நெளிநெளியான அலுமினியப் பெட்டி செய்யும் சூட்கேஸ் கம்பெனி, ஜங்கர்ஸ் எஃப்-13-ஐப் புதுசாகவே செய்ய வைத்தது. பழைய வடிவம், புது உலோகம், கிடைக்கக்கூடிய ரேடியல் என்ஜின். 2016 செப்டம்பரில் பறந்தது. ஒவ்வொரு தகடும் எங்கிருந்து வந்தது, எத்தனை மணி நேரம் பறந்தது என்று கணக்கு இருக்கும் விமானம். கைத்திறன் வேணுமா, இதில் கத்துக்கலாம். சத்தம் வேணுமா, இதில் கேட்டுக்கலாம். இது உடைந்தால் இன்னொண்ணு செய்யலாம். 1933-இல் செய்த 247-ஐ இன்னொரு தடவை செய்ய முடியாது. நாலில் ஒண்ணு போனால் மூணுதான்.

ஒரிஜினலை நிறுத்தி வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு, இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. பறக்கணும் என்றால் மாற்றித்தான் ஆகணும். வயர் மாறும், ரேடியோ மாறும், அரித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுசு வைக்கணும். பாதுகாப்புக்காகச் செய்யும் ஒவ்வொரு நல்ல வேலையும் 1933-ஐக் கொஞ்சம் அழிக்கும். நின்ற விமானத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. அப்போது அடித்த ரிவெட் அப்படியே இருக்கலாம். அந்தக் காலத்து ஆட்கள் எங்கே அவசரப்பட்டார்கள், எங்கே மெனக்கெட்டார்கள் என்று அதில்தான் தெரியும். எனக்கு அந்த கேபின் ஸ்பார் மேல் தனிப் பிரியமே உண்டு. டெக்ஸ்ட் புக்கில் டிசைன் என்றால் எல்லாம் சரியாக வந்த பிறகு வரைந்த படம்தான் இருக்கும். இங்கே, எதிர்காலத்தையே கண்டுபிடித்த ஒரு டீம், பயணி காலை எங்கே வைப்பான் என்பதில் கோட்டைவிட்ட அடையாளம் அப்படியே நிக்குது.

நம்ம சீனியர்களில் சிலராவது எம்எஸ் படிக்க சியாட்டில் பக்கம் போவீங்க. போனால் மியூசியத்தில் அந்த 247-ஐப் பார்த்து, ஒரு ஃபோட்டோ எடுத்து நம்ம குரூப்பில் போடுங்க. இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் ரிவெட் வரிசையைப் பக்கத்தில் போய் எடுங்க, ப்ளீஸ். செல்ஃபி அப்புறம்.

இதெல்லாம் ஒத்துக்க முடியாது, பறக்கத்தான் வேணும் என்கிறீர்களா? அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்க, போடறோம். ஒரே ஒரு கண்டிஷன்: அந்த அலுமினியக் கோடு எந்த இடத்தில் படுக்கும் என்று வரைந்து அனுப்பணும்.